பூனை படுத்த அடுப்பு

அந்த வீட்டு அடுப்பில் பூனை படுத்திருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நல்ல நடுப்பகல், ஊரெல்லாம் சாப்பாட்டு வேளை. மெழுகி வைத்த அடுப்பின் குழிக்குள் சாம்பல் நிறப் பூனை ஒன்று சுருண்டு கிடந்து, என்னை ஒரு கண்ணால் பார்த்தது. உறைமோர் வாங்கப் போன நான், கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கல்யாணமாகிச் சிட்லபாக்கத்துக்கு வந்து எனக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அறுபதுகளின் கடைசி. அங்கே அப்போது வீடுகளைவிடப் பனைமரங்கள் அதிகம். ஏரிப் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து, கையிலிருந்த பணத்துக்கு இரண்டு அறை கட்டி, மிச்சத்தில் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சாய்த்து, அதற்குச் சமையலறை என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீடும் அப்படித்தான், பக்கத்து வீடும் அப்படித்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் நாங்கள் டீச்சர் என்போம். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார். அவர் கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. அவரை சார் என்போம். கிறிஸ்தவக் குடும்பம். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் சம்பாதித்தார்கள்.

இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் அடுப்பு ஏன் எரியவில்லை? உறைமோரை மறந்து ஓடி வந்து மாமியாரிடம் சொன்னேன். அத்தைக்கு வாய்தான் கடுமை, மனசு இளகினது. என்ன கஷ்டமோ பாவம் என்றவர், முறத்தில் அரிசியும் துவரம்பருப்பும் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடி, கொல்லைப்பக்கமாகவே கொண்டுபோய்க் கொடு, நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று அனுப்பினார். நானும் முகத்தில் பரிதாபத்தை ஏற்றிக்கொண்டு போனேன்.

டீச்சர் துணியை விலக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவரைக்கும் சிரித்தார்.

"கத்திரி வெயில் முடியற வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு கிடையாதும்மா. பூனைக்கு அது தெரியும். அதான் வந்து படுத்துக்குது."

அரிசி இல்லை என்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு தூக்கிவாரிப் போட்டிருக்காது. அரிசி இருக்கிறது, விறகு இருக்கிறது, கை கால் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சமைக்க மாட்டேன் என்று ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்கிறார். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்கூட அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துதான் காய வேண்டும். இப்படி ஒரு வீடு இருக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அன்று அவர் எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். கெட்டி அவலைக் களைந்து, தயிரில் ஊறவைத்து, மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் உப்பும் அம்மியில் நசுக்கிக் கலந்திருந்தார். தயிரை மண்பானையில் வைத்து, பானையை ஈரமணலில் புதைத்து வைத்திருந்ததால் கிண்ணத்தைத் தொட்ட கை குளிர்ந்தது. தாளிக்கவில்லை. தாளிக்காத பண்டத்தை நான் அதுவரை வாயில் வைத்ததில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டலாம் என்று ஆரம்பித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வருடமும் பின்னால் வந்த வருடங்களிலும் அந்த வீட்டின் கத்திரிச் சாப்பாட்டை முழுக்கப் பார்த்துவிட்டேன். காலையில் பொரியை மோரில் போட்டு வெங்காயத்தோடு சாப்பிடுவார்கள். மத்தியானம் ஊறின பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் தேங்காய்த் துருவலும் எலுமிச்சம்பழம் பிழிந்து. சில நாள் பொட்டுக்கடலையைத் தேங்காயோடு அரைத்துக் கெட்டித் துவையலாக வைத்து, தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து சார் வாங்கி வரும் ரொட்டியில் தடவித் தருவார். சாயங்காலம் நுங்கு, அல்லது வெல்லத்தையும் சுக்கையும் தட்டிப் போட்ட பானகம். அந்த நாளில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்கள் சாப்பிடுவது. சார் தெம்பாக நடந்து ரயிலுக்குப் போகிறார், ராத்திரிக்கு அவருக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான் என்றபோது அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி, காபி கிடையாது. அந்த வீட்டில் காபிக்குக்கூட நெருப்பு மூட்டுவதில்லை. சார் தினமும் ரயிலேறுவதற்கு முன்னால் ஸ்டேஷன் வாசல் கடையில் நின்று ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவார். கட்டின பெண்டாட்டி வீட்டில் இருக்க ஒரு மனிதர் கடையில் காபி குடிக்கிறாரே என்று காலனியே அவருக்காக வருத்தப்பட்டது. அவர் மட்டும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முகம் கோணாமல், வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். பயந்த மனிதர் என்று என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். நுங்குக்காரிக்கு மட்டும் ஏக சந்தோஷம். "அந்த டீச்சரம்மா வூட்லதான் எனுக்கு நல்ல யாவாரம். மத்த வூட்ல எல்லாம் வெயில்ல வெந்துகினு சோறு ஆக்கிகினு கீறாங்க" என்று எங்கள் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தை ஆசாரம் பார்க்கிறவர். எங்கள் வீடு சைவம். வேறு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆனால் டீச்சர் சுவருக்கு மேலே நீட்டின வெள்ளரிக்காய்ப் பாசிப்பருப்பை நான் ருசித்துச் சாப்பிடுவதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், தீயில் வேகாத பண்டத்துக்குத் தோஷம் இல்லை என்று தானே ஒரு சாஸ்திரம் சொல்லிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கப்புறமும் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சமையல் குறையவில்லை. அது வேறு, இது வேறு.

டீச்சரிடம் எல்லோரையும் முகம் சுளிக்க வைத்த வழக்கம் இன்னொன்று உண்டு. வெயில் காலத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், வாசலில் செருப்பை விட்ட கையோடு நேரே சமையலறைக்குள் போய்விடுவார். கூடத்தில் உட்காரச் சொன்னால் காதில் விழாது. உள்ளே போய், அடுப்பு முன்னால் இருப்பவள் யாராக இருந்தாலும் அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கை ஈரமானால் சரி என்று கூடத்துக்கு வந்து உட்காருவார். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதும் அதைத்தான் செய்தார். அவர் போனதும், அன்னியர் நுழைந்த சமையலறையைக் கழுவிவிடச் சொன்னார் அத்தை. கழுவியது நான், அந்த வெயிலில், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து.

ஏன் இப்படி என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"வேர்த்தா பயமில்லம்மா," என்றார். "வேர்வை நின்னாத்தான் பயம்."

ஏதோ டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். காலனியில் ஒரு வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் அவர் செய்ததுதான் கொடுமை. கொல்லையில் பந்தல் போட்டுச் சமையல். டீச்சர் விறுவிறுவென்று அங்கே போய், கோட்டை அடுப்பின் முன்னால் துண்டோடு நின்றிருந்த சமையல்காரரின் நெற்றியில் கை வைத்துவிட்டார். முன்பின் தெரியாத ஆம்பிளை. அந்த மனிதர் கரண்டியைத் தூக்கினபடியே சிலையாகிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு மூச்சு நின்றது. டீச்சர் அவரை வேப்பமரத்து நிழலில் கொண்டுபோய் உட்காரவைத்து, ஒரு செம்பு மோர் குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றார். அப்புறம்தான் இலைக்கு வந்தார். அன்று முழுக்க ஊர் வாயில் டீச்சர்தான் அரைபட்டார். சார் அடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் வந்தபோது வேண்டாம் என்று இலைக்கு மேலே கையை மறித்தார்.

ரசத்தை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மனிதர் ரசமே தொடமாட்டார். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு ஜலதோஷம் என்று மிளகு ரசம் வைத்து அனுப்பினேன். தூக்குச்சட்டி போன மாதிரியே திரும்பி வந்தது. சார் ரசம் சாப்பிடறதில்லம்மா, கோவிச்சுக்காதே என்றார் டீச்சர். ரசம் சாப்பிடாத தமிழர் ஒருவர் சிட்லபாக்கத்தில் இருக்கிறார் என்பது அந்த மாதம் எங்கள் வீட்டில் பெரிய செய்தி.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எழுபதுகளின் தொடக்கம், மறுபடி ஒரு கத்திரி. என் நாத்தனாருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு நல்ல வேலை. பெண் பார்த்துப் பிடித்துவிட்டது. சம்பந்தம் பேசி முடித்து, எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போக வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைத்தால் கல்யாணம் உறுதி என்று அர்த்தம். அதுவரை சோறு சாப்பிட மாட்டார்கள். நாத்தனாருக்கு அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. அத்தை தூக்கமில்லாமல் இருந்தார். அந்தச் சாப்பாட்டில் ஒரு குறையும் வரக்கூடாது. அதோடு, டீச்சர் வந்து சமையலறைக்குள் புகுந்து சம்பந்தி முன்னால் மானத்தை வாங்கக்கூடாது.

அன்றைக்கு மட்டும் வரவேண்டாம் என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. சுவரோரம் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. என்ன சமையல் என்று மட்டும் கேட்டார். சாம்பார், வற்றல்குழம்பு, இரண்டு பொரியல், ரசம், வடை, பாயசம், அப்பளம் என்றேன். அடுப்படியில் யார் யார் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். கல்யாணப் பெண்ணைக் கரியில் விடமுடியாது, அத்தை கூடத்தில் இருந்தாக வேண்டும்.

அவர் முகம் மாறிவிட்டது. சாதத்தை மட்டும் விடியற்காலையில் வடித்துவிடு, மற்றதை நான் செய்து தருகிறேன் என்றார். தயிரில் அவல், வெள்ளரிக்காய்ப் பாசிப்பருப்புக் கோசுமரி, மாங்காய்ப் பச்சடி, பானகம், பழம், ஒன்றுக்கும் நெருப்பு வேண்டாம், வந்தவர்கள் வயிறும் குளிரும் என்று அடுக்கினார். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு ஊறவைத்த அவலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தையிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று கோழி கூவும்போதே அடுப்பை மூட்டினேன். எங்கள் சமையலறை ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடுகிற அகலம். கூடத்துப் பக்கம் ஒரு கதவு, கொல்லைப் பக்கம் ஒரு கதவு. கூடத்துக் கதவைப் புகை போகாமல் சாத்தியிருந்தது. விறகடுப்பு ஒன்று, அதோடு பம்ப் ஸ்டவ்வும் இரைந்துகொண்டிருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ். உச்சிவேளை நெருங்கும்போது அது கையெட்டும் தூரத்தில் இன்னொரு அடுப்பாகிவிட்டது. புடவை உடம்போடு ஒட்டி, தலைமுடியிலிருந்து சொட்டி, வாணலியில் வேர்வை விழாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. வடை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வேர்வை நின்றது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, துடைக்கிற வேலை விட்டது என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு முதுகு சில்லிடுகிறது. டீச்சர் சொன்னது ஞாபகத்துக்கே வரவில்லை. உடம்பு லேசானது போலிருந்தது. கரண்டி தூரத்தில் யாரோ பிடித்திருப்பது போலத் தெரிந்தது. கொல்லைக் கதவில் நிழல் விழுந்தது. நெற்றியில் ஒரு உள்ளங்கை பட்டது. ஐஸ் வைத்ததுபோல இருந்தது. "பெல் அடிச்சிட்டாங்களா டீச்சர்?" என்று நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலப் பிதற்றினேனாம்.

இதற்குமேல் நடந்தது நாத்தனாரும் பின்னாளில் டீச்சரும் சொல்லித்தான் தெரியும். டீச்சர் முதலில் என்னை வெளியே இழுக்கவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி, எரிகிற அடுப்பில், கொதிக்கிற சாம்பாரோடு சேர்த்து, முழுக்கக் கவிழ்த்தார். உஸ்ஸென்று பெரிதாகச் சத்தம் கிளம்பி, சாம்பலும் ஆவியும் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் புகுந்தன. அத்தை ஓடிவந்து கதவைத் திறந்தபோது டீச்சர் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாகக் கிணற்றடிக்குப் போனார். துவைக்கிற கல்லில் கிடத்தி, வாளி வாளியாக இறைத்து ஊற்றினார். நாத்தனார் பட்டுப்புடவையோடு வந்து விசிறினாளாம்.

கல்யாண காரியம் பேசுகிற வீட்டில், நல்ல நேரத்தில், எரிகிற அடுப்பில் தண்ணீர் விழுந்தது. இழவு வீட்டில்கூட அடுப்பை அப்படி அணைப்பதில்லை. பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார். அடுப்பு அணைந்த வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம் என்றார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அத்தனை பேரும் அந்த வெயிலில் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

தாம்பரத்திலிருந்து வந்த டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தான் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பிழைத்ததில் அத்தைக்குச் சந்தோஷம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேதான் அழுதார். ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பின்கதவு திறந்துதானே இருந்தது? அந்த வழியாகத்தானே வந்தாள்? அந்த வழியாகவே இவளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே? அடுப்பை எதற்கு அணைத்தாள்? என் பெண் வாழ்க்கையில் எதற்குத் தண்ணீரைக் கொட்டினாள்?

என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். உள்ளதைச் சொன்னால், ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. நாத்தனார் ஒரு மூலையில் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஆபீஸ் ரயிலிலிருந்து இறங்கி சார் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனிலேயே யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே நின்றார். அத்தை உட்காரச் சொல்லவில்லை. வந்தவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தோம். அத்தை அந்தக் கேள்வியை அவரிடமும் கேட்டார்.

"அம்மா, எங்களுக்கும் இப்படித்தான் மே மாசத்துல நிச்சயம் பண்ணாங்க," என்று சார் ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மேற்குத் தாம்பரத்தில் டீச்சரின் அப்பா வீடு. தகரக் கூரை போட்ட சமையலறை, ஒரே கதவு, கதவை ஒட்டி அடுப்பு. அம்மா இல்லாத வீடு என்பதால் சமையல் முழுக்க டீச்சரின் அக்கா. கூடத்தில் பந்தி நடந்தது. எல்லாம் சுடச்சுட வந்தது. சமையலை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

"ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் இன்னொரு தடவ கேட்டேன். வரல. சிரிச்சுக்கிட்டே மறுபடியும் கேட்டேன். மாப்பிள்ள கேக்கறாரேன்னு இவ எழுந்து உள்ள போனா."

அக்கா அடுப்புக்கு அந்தப் பக்கம் மூலையில் சரிந்து கிடந்திருக்கிறார். உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. மூச்சு இருந்தது. அடுப்பைத் தாண்டாமல் அவரைத் தூக்க முடியாது. தாண்டினால் புடவை பற்றிக்கொள்ளும்.

"குடத்தைக் கையில தூக்கிட்டா இவ. எங்க அம்மா பின்னாலயே போய்க் கையைப் பிடிச்சிட்டாங்க. நிச்சயம் பண்ற நாள்ல அடுப்புல தண்ணி ஊத்தாதேன்னாங்க. ஞானஸ்நானம் வாங்கி எத்தனை தலைமுறை ஆனா என்னம்மா, அடுப்பு விஷயத்துல நாங்களும் உங்களைப் போலத்தான். இவளுக்குச் சின்ன வயசு. வரப்போற மாமியார் சொல்றாங்க. குடத்தைக் கீழ வச்சிட்டா."

அத்தையின் கை என் கால் மேல் நின்றுவிட்டது.

"விறகை ஒண்ணொண்ணா வெளிய இழுத்து, மண்ணுல தேய்ச்சு அணைச்சோம். பதமா, ஒரு அவசரமும் இல்லாதவங்க மாதிரி. கடைசி விறகு வெளிய வந்தப்ப அவங்களுக்கு மூச்சு இல்ல. அதுக்கப்புறமும் அதே பொண்ணுதான், அதே கல்யாணந்தான். அபசகுனம் ஒண்ணும் இல்ல, அடுப்புல தண்ணி விழலையேன்னு எங்க அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

சார் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இன்னைக்கு உங்க வீட்ல பின்கதவு இருந்தது அவ கண்ணுல பட்டிருக்காதும்மா. குடம் மட்டுந்தான் பட்டிருக்கும்." அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்காமலே திரும்பி நடந்தார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. பயந்த மனிதர் என்று நாங்கள் சிரித்த சிரிப்பு, திரும்பி வந்த மிளகு ரசம், சமையல்காரரின் நெற்றியில் வைத்த கை, கவிழ்த்து வைத்த கிண்ணம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்டையில் அறைந்தன. இத்தனை வருடமும் அந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஊறவைத்த அவலைச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் குடத்தைக் கீழே வைத்தவர். ஒருவர் ரசம் கேட்டவர்.

அணைந்த அடுப்பை மறுநாள் மெழுகி, நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் ஏற்றி மூட்டவேண்டும் என்று அத்தை பகலில் சொல்லியிருந்தார். விடிந்தது. நல்ல நேரம் வந்தது, போனது. அத்தை அடுப்புப் பக்கமே போகவில்லை. கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உச்சி வெயிலில் திடீரென்று எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். சண்டை போடத்தான் போகிறார் என்று நானும் நாத்தனாரும் பின்னாலேயே ஓடினோம்.

பக்கத்து வீட்டு வாசற்படியை அத்தை மிதித்ததே இல்லை. அன்று நேரே உள்ளே போனார், கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள். டீச்சர் தரையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழப் பார்த்தார். திட்டு வாங்கத் தயாராகிற முகம். அத்தை குனிந்து அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஈரமாத்தான் இருக்கு," என்றார் அத்தை.

டீச்சர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அக்காவுக்காக எத்தனை வருடம் வைத்திருந்தாரோ, அத்தனையும் அத்தையின் முந்தானையில் கொட்டினார். நானும் அழுதேன், நாத்தனாரும் அழுதாள். அவளுக்கு அடுத்த தை மாதம் வேறொரு நல்ல இடத்தில் முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அது எங்கள் யாருக்கும் தெரியாது. அழுது ஓய்ந்ததும் அத்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கும் ஒரு கிண்ணம் அவல் போடு, அந்தக் கத்தியைக் கொடு, மிச்சத்தை நான் நறுக்குகிறேன் என்றார். இந்தத் தடவை யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. அடுப்பில் படுத்திருந்த பூனை தலையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடியும் சுருண்டு படுத்துக்கொண்டது.